கணவரின் பதற்றம்: பக்கத்தில் எப்படி இருப்பது?

தோழிகளே, ஒரு உதவி வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி 14 மாதம். வீட்டில் பார்த்துச் செய்து வைத்ததுதான். என் கணவர் தங்கமான மனிதர். ஆனால் நான் நெருங்கி உட்கார்ந்து மனசு விட்டுப் பேச ஆரம்பித்தாலே அவருக்குக் கை சில்லிட்டுவிடும். போன வாரம் இரவு, "என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். மூச்சு வாங்க, பனியனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி பால்கனியில் போய் நின்றார். அரை மணி நேரம் கழித்து வந்து, "உன் மேல் கோபமில்லை" என்றார். அவ்வளவுதான்.

2018இல் வந்த ‘96’ படத்தில், ஜானு நெஞ்சில் கை வைத்ததும் ராம் மயங்கி விழுவான். அப்போது அதை வெட்கம் என்று ரசித்தேன். இப்போது அந்தக் காட்சி வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஈசிஜி எடுத்தாயிற்று, இதயத்தில் கோளாறு இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். பைத்தியம் என்பார்கள் என்று இவர் மறுக்கிறார். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவர் கூப்பிடவில்லை, கிழிக்கவும் இல்லை.

இதைக் கடந்தவர்கள் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கூடவே நிற்க வேண்டுமா, தனியாக விட வேண்டுமா? முதல் தடவை டாக்டரிடம் எப்படி அழைத்துப் போனீர்கள்? தம்பதியாகக் கவுன்சலிங் போனவர்கள் உண்டா? அப்புறம், மாமியாரிடம் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.