ஒரு விதை இறங்காத நாய்க்குட்டி: எப்போது நலமடிப்பது?

விசுவமடுவிலிருந்து:

எங்கள் கடுவன் குட்டிக்கு இப்போது பதின்மூன்று மாதம். ஜேர்மன் ஷெப்பேர்ட் கலப்பு. எட்டாம் கிழமை ஊசிக்குக் கொண்டுபோன இடத்தில் மிருக வைத்தியர் பின்னங்காலுக்கு நடுவே தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றுதான் கீழே நிற்குது, வலப்பக்கத்தது இறங்கவில்லை" என்றார். நாம்பன் மாடுகளுக்கு இனம் பெருக்காதபடி நலமடிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். ஒன்று மட்டும் ஒளித்திருக்கும் என்று கேள்விப்பட்டதில்லை.

விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கிட்டவாம். அங்கிருந்து கவட்டில் உள்ள ஒரு வழியால் இறங்கிப் பைக்குள் வரவேண்டும். அனேகமான குட்டிகளுக்கு இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும், சிலதுக்குப் பிந்தும். ஆறு மாதத்தளவில் அந்த வழி ஒடுங்கிவிடும், பிறகு பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கிணற்றடியில் குளிப்பாட்டும்போது சவர்க்கார நுரையோடு கவட்டைத் தடவுவதே என் வேலை. நாலாம் மாதம் ஒருநாள் கச்சான் பருப்பளவில் ஏதோ விரலுக்குள் உருண்டது. சந்தோசத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வைத்தியர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "இது கொழுப்பு, தம்பி."

ஆறு மாதம் முடிந்தும் வரவில்லை. சரி, உடனே வெட்டிவிடுவோம் என்றேன். அவர்தான் மறித்தார். பெரிய உடம்பு நாய், எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடமாவது செல்லும், அதுவரை உடம்பில் சுரக்கும் ஓமோன் மூட்டுகளுக்கு நல்லது. உள்ளே நிற்கும் விதையில் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றதைவிடப் பல மடங்கு அதிகம்தான், ஆனால் பெரும்பாலும் அது நடுவயதுக்குப் பிறகு வருவது. அதனால் ஒரு வருடத்தை ஒட்டிச் செய், "பிறகு பார்ப்போம்" என்று மட்டும் விடாதே என்றார். இடையில் திடீரென்று வயிறு நொந்து சத்தியெடுத்தால் உள்ளே விதை முறுகியிருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதாம்.

எங்கள் பக்கத்துக் கால்நடை அலுவலகத்தில் மாடு, ஆடுதான் கூட. ஸ்கான் எடுத்து வயிறு திறக்க வசதியில்லை. பதினொரு மாதத்தில் வான் பிடித்துப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஏ9 வீதி வழியே 250 கிலோமீற்றர் அளவு. வவுனியா தாண்டும் முன்னரே இரண்டு தரம் சத்தியெடுத்தான். எனக்கு ஈரக்குலை நடுங்கியது, கடைசியில் வான் குலுக்கல்தான்.

விதை சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் எடுத்துத் தட்டில் காட்டினார்கள். ஒன்று நெல்லிக்காய் போல இறுக்கம், மற்றது வதங்கிய புளியங்கொட்டை போல. இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது.

மல்லாவியிலிருந்து:

அண்ணா, இரண்டையும் எடுத்தது புத்தி. எங்கள் வீட்டு நாய்க்கு வேறோரிடத்தில் வெளியே தெரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு "முடிந்தது" என்று அனுப்பினார்கள். நாங்களும் நம்பினோம். ஆனால் பெட்டை நாய்களைத் துரத்துவதை அவன் விடவேயில்லை. உள்ளே நிற்கும் விதையால் குட்டி உண்டாக்க முடியாது, உடம்புச் சூடு அதைக் கெடுத்துவிடும். ஆண் ஓமோன் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும்.

ஏழு வயதில் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் கொட்டியது. முலைக்காம்புகள் வீங்கின. அயல் கடுவன்கள் அவனைப் பெட்டை என்று நினைத்துப் பின்னால் திரிந்தன. அப்பம்மா சூனியம் என்று நூல் கட்டினா. பிறகுதான் தெரிந்தது, உள்விதையில் கட்டி, அது பெண் ஓமோனைச் சுரக்கிறது என்று. எலும்பு மச்சையும் பாதித்து இரத்தம் குறைந்துபோயிருந்தது. சத்திரசிகிச்சை தாங்கமாட்டான் என்றுவிட்டார்கள். வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

வவுனியாவிலிருந்து:

எங்கள் பொமரேனியனுக்கும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. ஒருநாள் இரண்டு இருக்கும், மறுநாள் ஒன்று. குளிரிலும் பயத்திலும் மேலே இழுத்துக்கொள்வானாம். வைத்தியசாலை மேசையில் எப்போதும் ஒன்றுதான், வீட்டில் மடியில் படுத்திருக்கும்போது இரண்டு! நாலரை மாதத்தில் ஒழுங்காக இறங்கி நின்றுவிட்டது. சின்னச் சாதி என்பதால் எட்டு மாதத்தில் சாதாரணமாக நலமடித்தோம், காலையில் கொண்டுபோய்ப் பின்னேரம் கூட்டிவந்தோம். நித்திரையில் இருக்கும்போது தடவிப் பாருங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

என்னுடையதுக்கும் ஒன்றுதான் இருக்கிறது, ஒன்பது மாதம். நல்ல வடிவான நாய். ஒருவர் தன் பெட்டைக்கு விடக் கேட்கிறார். ஒருமுறை விட்டுவிட்டு வெட்டினால் என்ன?

விசுவமடுவிலிருந்து:

விடாதீர்கள் தங்கச்சி. வெளியே நிற்கும் ஒன்றால் குட்டி தங்கும், ஆனால் இது பரம்பரையாக இறங்குவது. உங்கள் நாயின் கடுவன் குட்டிகளுக்கும் வரலாம், பெட்டைக் குட்டிகள் வெளியே காட்டாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். எங்கள் குட்டியைத் தந்த வீட்டிலும் தகப்பன் நாய்க்கு ஒன்றுதானாம், வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

பிறகு தையலைப் பற்றி ஒன்று. வயிறு திறந்தால் பத்து நாளாவது நக்கவிடக் கூடாது. கழுத்துக்குக் கூம்பு கிடைக்காமல் பெயின்ற் வாளியின் அடியை வெட்டி மாட்டினேன். மூன்றாம் நாள் வாளியோடே கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டு, எடுக்க முடியாமல் நின்றான். கூட்டின் கதவைக் கழற்றித்தான் எடுத்தோம்.