புதுப்பிப்பு: மகளின் காகிதங்கள் நகர்ந்திருக்கின்றன

மதுரைக் காப்பகத்துக் குழந்தையைத் தத்தெடுக்க, டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தடையில்லாச் சான்றுக்குக் காத்திருப்பதாகத் தீபாவளிக்கு முன் எழுதியிருந்தேன். அது வந்துவிட்டது. 2022 முதல் தத்து ஆணையை நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அந்தக் கையெழுத்தும் நேற்றுக் கிடைத்தது. இனி அவளுக்குப் பாஸ்போர்ட், பிறகு சிங்கப்பூரில் தங்குவதற்கான அனுமதி. தத்தெடுப்போரின் குடும்பச் சூழலை ஆராயும் வீட்டாய்வு அறிக்கையோடு பெரும்பாடு தீர்ந்தது என்று நம்பிய அப்பாவி நான்!

இங்கே சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் வாங்கிய செருப்பைக் காணொளி அழைப்பில் காட்டினேன். காப்பக அக்கா அவள் பாதத்தைத் திரையருகே தூக்கிப் பிடித்தார். காத்திருந்த மாதங்களில் கால் வளர்ந்துவிட்டது, செருப்பு போதாது. ஆனாலும் யீஷூனிலுள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து அதை எடுக்க மனமில்லை. என் மாமியார் தினமும் அதைத் துடைத்து வைக்கிறார்.