புதுப்பிப்பு: சி.ஏ. இன்டர் குரூப் வாரியான அட்டெம்ப்ட் கணக்கு

சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டரில், மும்மூன்று தாள்கள் கொண்ட இரு குரூப்கள் உண்டு. ஜனவரியில் முதல் குரூப்பில் தேறி, மே மாதம் இரண்டாம் குரூப்பில் தவறி, செப்டம்பரில் அதையும் முடித்த நான், இது இரண்டு அட்டெம்ப்டா (தேர்வு முயற்சியா) மூன்றா என்று முன்பு கேட்டிருந்தேன். மும்பை அந்தேரியில் ஒரு தணிக்கை நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் குரூப்புக்கு ஒரு கட்டம் வீதம் இருந்ததால், முதலாவதில் 1 என்றும் இரண்டாவதில் 2 என்றும் எழுதினேன். மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்த மேலாளரும் மறுப்புச் சொல்லவில்லை. மே மாதம் ஆடிட்டிங்கில் 63 எடுத்ததால், அந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டாம் என்று கிடைத்த விலக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்குச் செல்லும் என்பதால், செப்டம்பரில் மற்ற இரு தாள்களை மட்டுமே எழுதினேன். ஆயினும் அது தனி அட்டெம்ப்ட்தான். ரேங்க் பட்டியலுக்கு மட்டும், இரு குரூப்பையும் ஒரே தேர்வில் எழுதித் தேறியிருக்க வேண்டும்.