செயின் சா கால் மணி நேரத்தில் கீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. காயிலா, கார்புரேட்டரா?

தோப்புக்காரன் (பேராவூரணி பக்கம்):

வணக்கம். கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய 58 சிசி செயின் சா ஒன்று வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை எங்கள் தோப்பில் படுத்த தென்னைகளை அறுத்துத் தள்ள ஆளும் கிடைக்கவில்லை, வாடகை மெஷினும் கிடைக்கவில்லை, அதனால் கடன் சொல்லி வாங்கியது. அன்று முதல் நன்றாக உழைத்த மெஷின். இப்போது ஒரு மாதமாகப் படுத்துகிறது.

காலையில் டேங்கை நிறைத்து, சோக் போட்டு இழுத்தால் மூன்று நான்கு இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. பத்து, பதினைந்து நிமிடம் அறுக்கிறது. அப்புறம் திடீரென்று சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறுகிறது, மரத்தில் இழுவை இல்லை, ரேஸை விட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. எத்தனை இழுத்தாலும் பிடிக்காது. நிழலில் வைத்து, டீ குடித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றி அரை மணி கழித்து இழுத்தால் ஒன்றும் நடக்காதது போல் ஓடுகிறது. மறுபடி கால் மணி நேரம், அதே கதை. மெஷினைப் படுக்க வைத்து அடிக்கட்டையைத் தரையோடு அறுக்கும்போது இன்னும் சீக்கிரம் நிற்கிறது.

ஊரில் ஒரு பட்டறையில் இரண்டு தடவை காட்டினேன். பிளக் மாற்றி, கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகிக் கொடுத்தார்கள். அதிலிருந்து முதல் ஐந்து நிமிடம் புகையும் மந்தமும்தான் அதிகம், நிற்பது நிற்கவில்லை. இப்போது பிளக்குக்குப் பொறி தரும் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் ஊற்றுகிறேன், மெஷினோடு வந்த தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

*

மருந்துமெஷின் (ஒட்டன்சத்திரம்):

காயில்தான் அண்ணே, சந்தேகமே வேண்டாம். என்னுடைய மருந்தடிக்கும் மெஷின் இப்படித்தான் செய்தது. சூடானால் காயிலுக்குள் சுற்று விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். புதுக் காயில் போட்ட நாள் முதல் பிரச்சினை இல்லை. போடும்போது சுற்றுகிற மேக்னெட்டுக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு செருகி, காயிலை அதன்மேல் ஒட்ட விட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். கார்டை உருவினால் வரும் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், அது போதும்.

*

பழைய பட்டறை (பொள்ளாச்சி):

தம்பி, காயில் வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அதைவிட முக்கியம், இந்தக் கோளாறு என்னவென்று தெரிகிறவரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் எழுதியதில் "கீச்சென்று ஏறுகிறது" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

காயில் போனால் மெஷின் சுவிட்சை அணைத்தது மாதிரி பட்டென்று நிற்கும், இல்லையென்றால் விட்டு விட்டு அடித்து நிற்கும். சத்தம் மெலிந்து சுற்று ஏறுகிறது என்றால் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகிறது என்று அர்த்தம். இது போன்ற டூ ஸ்ட்ரோக் மெஷினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போய்ச் சேரும் ஒரே வழி அந்தப் பெட்ரோல்தான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும், இரண்டும் சேர்ந்து பிஸ்டனைச் சிலிண்டர் சுவரோடு பிடிக்க வைத்துவிடும். நீங்கள் ஒவ்வொரு கால் மணிக்கும் அந்த விளிம்பு வரை போய்த் திரும்பி வருகிறீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. "ஆறினால் ஓடுகிறது" என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே "பெட்ரோல் ஊற்றி அரை மணி கழித்து" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓட வைத்தது ஆறினதா, பெட்ரோல் ஊற்றியதா, இல்லை மூடியைத் திறந்ததா? மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதால் எது மருந்து என்று உங்களுக்கும் தெரியவில்லை, பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காக மட்டும் ஒரு முறை ஓட்டுங்கள், கத்தத் தொடங்கிய நொடியே சுவிட்சை அணையுங்கள்.

நின்றவுடன் சோக் போடாமல் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா, பெட்ரோல் மூடியை மெதுவாகத் திறந்து காதை வையுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறதா? இழுத்தால், மூடியைத் திருப்பிப் போட்டதும் பிடித்துக்கொண்டால், டேங்குக்குக் காற்று விடும் வால்வு அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் ஆகி, பெட்ரோலைப் பிடித்து இழுக்கும்.

அதிலும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமா காய்ந்திருக்கிறதா, முனை என்ன நிறம் என்று பாருங்கள். பிறகு பிளக் வயரின் மூடியில் மாட்டி, பிளக்கின் மரையைச் சிலிண்டரின் உலோகத்தில் தொட வைத்து இழுங்கள், பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள், துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். சூட்டிலேயே நீலமாகப் பொறி வந்தால் காயில் நல்ல காயில்.

அப்புறம் கடைசியாக, பெட்ரோல் ஊற்றாமல் அரை மணி ஆற விட்டு இழுத்துப் பாருங்கள். இதுதான் எனக்கு வேண்டிய பதில்.

*

மருந்துமெஷின்:

ஐயா சொல்வது சரி. என் மெஷின் கத்தியதில்லை, பட்டென்றுதான் நின்றது. நான் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன்.

*

தோப்புக்காரன்:

ஐயா, நேற்று மாலை பார்த்தேன். கத்தியதும் அணைத்துவிட்டேன். மூடியைத் திறந்தபோது உஸ் சத்தம் இல்லை, மூடிப் போட்டு இழுத்தும் பிடிக்கவில்லை. டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இருந்தது. பிளக் காய்ந்திருந்தது, முனை சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளை. பொறி நன்றாக வந்தது, சூட்டில் பார்த்தேன், நீலம்தான். அப்படியே வைத்துவிட்டு முக்கால் மணி கழித்து, கை வைத்தால் சிலிண்டர் சுடவில்லை, இழுத்தேன், பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு இழுப்பு. பிறகு பெட்ரோலை நிறைத்தேன், மூன்றாவது இழுப்பில் பிடித்துவிட்டது. உடனே அணைத்துவிட்டேன்.

ஒரு மாதமாக இது சூட்டால் வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பழைய பட்டறை:

மிக நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இனி ஊகம் தேவையில்லை. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பைப் மேல் பக்கத்தில் வெடித்திருக்கிறது.

டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த வெடிப்பு பெட்ரோலுக்குள் முங்கியிருக்கும், வெடிப்பு வழியாகவும் பெட்ரோலையே இழுக்கும், ஒரு குறையும் தெரியாது. மட்டம் இறங்கி வெடிப்பு வெளியே வந்ததும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். பெட்ரோலோடு காற்றுக் குமிழி போகும், மெஷின் கத்தும், நிற்கும். படுக்க வைத்து அடிக்கட்டை அறுக்கும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, அதனால் வெடிப்பு இன்னும் சீக்கிரம் வெளியே வருகிறது. நீங்களே முதல் பதிவில் எழுதிய இரண்டு அடையாளமும் இதற்குப் பொருந்துகிறது. பட்டறையில் பெட்ரோல் குறைகிறது என்று சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள், ஆனால் எங்கே குறைகிறது என்று பார்க்காமல் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டிவிட்டார்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது புகை, மந்தம். குறைந்ததும் பழைய கதை. ஸ்குரூவைத் திருகி எந்தக் காற்றுக் கசிவையும் அடைக்க முடியாது. நான் ஐம்பது தடவை பார்த்த தவறு இது, ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல பிஸ்டன் வீணாகும்.

பைப்பைக் கழற்ற, ஒரு கம்பியை முனையில் தூண்டில் போல் வளைத்து, டேங்க் வாய் வழியாக விட்டு, பைப் முனையில் இருக்கும் ஃபில்டரோடு வெளியே இழுங்கள். டேங்க் சுவரில் நுழைகிற ரப்பர் வளையத்துக்குப் பக்கத்தில் பைப்பை விரலில் வளைத்துப் பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். புதுப் பைப் போடும்போது முனையைச் சாய்வாக, நீளமாகச் சீவினால் அந்த இறுக்கமான துளையில் நுழையும், இழுத்துவிட்டுச் சாய்வை வெட்டிவிடலாம். பெட்ரோலுக்கு என்று விற்கிற பைப்பே வாங்குங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப், மீன் தொட்டி டியூப் எல்லாம் சில வாரத்தில் மூங்கில் குச்சி போல் விறைத்துவிடும். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கை வைத்தது வைத்தீர்கள், கார்புரேட்டரில் நான்கு ஸ்குரூ உள்ள மூடியைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடும் மெல்லிய சவ்வான டயாபிரத்தைப் பாருங்கள். விரலில் தூக்கினால் துணி போல் தொய்ய வேண்டும், அட்டை போல் சரசரத்தால் டயாபிரம் கிட் வாங்கி மாற்றுங்கள்.

சைலன்சரையும் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் தப்பித்தீர்கள். மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படுகிற கோடு விழுந்திருந்தால் எழுதுங்கள், அது வேறு வேலை.

*

காப்பித் தோட்டம் (ஏற்காடு):

அண்ணா, ஒரு விஷயம் சேர்க்கிறேன். பெட்ரோல் எத்தனை நாள் பழசு? எங்கள் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் மூன்று, செயின் சா ஒன்று இருக்கின்றன. இரண்டு வருடமாகப் பைப்பும் டயாபிரமும் முன்பைவிடச் சீக்கிரம் போகின்றன. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, சிலது ஊதுகிறது, சிலது விறைக்கிறது. மழைக்காலத்தில் கேனில் வைத்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்கில் ஃபில்டர் அடியில்தானே கிடக்கிறது, மெஷின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். அந்த அடித் தண்ணீரில் ஆயிலும் சேராது.

நான் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பேன். கோடு பிரிந்தால் அந்தக் கேனை மெஷினில் ஊற்ற மாட்டேன். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. சீசன் முடிந்தால் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்கிறவரை ஐடிலில் ஓட விட்டு வைப்போம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நின்றவுடன் சூட்டோடு பெட்ரோல் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சைலன்சரில் ஒரு சொட்டு பட்டாலும் போதும். எங்கள் ஆட்களை மெஷின் ஆறிய பிறகு ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

*

தோப்புக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஞாயிற்றுக்கிழமை, முழு நாளும் இதற்கே உட்கார்ந்தேன்.

பைப் வெளியே வந்ததும் ஒன்றும் தெரியவில்லை. ஐயா சொன்னபடி ரப்பர் வளையத்துக்கு ஒரு விரல் அகலம் உள்ளே வளைத்தேன், மீன் செவுள் மாதிரி வாயைத் திறந்தது. பாதிச் சுற்று வெடித்திருக்கிறது. ஒரு முனையை அடைத்து ஊதி, தண்ணீரில் முக்கினேன், குமிழி வரிசையாக வந்தது. என் மகன் அதைப் போனில் பிடித்து வைத்திருக்கிறான்.

டயாபிரம் சரசரத்தது, மாற்றிவிட்டேன். பைப், ஃபில்டர், கிட் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, காயிலுக்கு அதைவிட அதிகம் கேட்டார்கள். அக்கா கேட்டது சரி, கேன் பெட்ரோல் மூன்று மாதத்துப் பழசு. பாட்டிலில் வைத்துப் பார்த்தேன், அடியில் விரல் கனத்துக்குத் தனியாகப் பிரிந்து நின்றது. அதைக் கழித்துவிட்டேன்.

பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மெல்லிய கோடுகள் மூன்று நான்கு இருக்கின்றன. சைலன்சர் துளை வழியாகத் தடவினேன், நகத்தில் தட்டுப்படவில்லை. மெஷினைக் கயிற்றின் பிடியில் தொங்க விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று இறங்குகிறது. இது போதுமா? ஸ்குரூக்களை எங்கே வைப்பது?

*

பழைய பட்டறை:

நின்று நின்று இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. கோடு நகத்தில் தட்டுப்படவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம், நேரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கார்புரேட்டரில் ஹெச் (முழு ரேஸுக்கு), எல் (குறைந்த ரேஸுக்கு) என்று இருக்கும் இரண்டு ஸ்குரூவையும் வலப் பக்கம் மெதுவாகத் திருகி உட்கார வையுங்கள், இறுக்கினால் ஸ்குரூ முனை உட்காரும் இடம் கெட்டுவிடும். அங்கிருந்து இரண்டையும் ஒரு முழுச் சுற்றுத் திறங்கள். பாரும் (செயின் ஓடும் பட்டை) செயினும் மாட்டியே ஓட்டுங்கள், மூன்று நான்கு நிமிடம் சூடாகட்டும். ரேஸ் கொடுத்தால் தயங்காமல் ஏறுகிற இடத்தில் எல் ஸ்குரூ, விட்டால் செயின் சுற்றாமல் மெஷின் மட்டும் ஓடுகிற இடத்தில் ஐடில் ஸ்குரூ. ஹெச் மட்டும் காதால் வைக்க வேண்டும். மரத்தைத் தொடாமல் முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாக வர வேண்டும். வெறும் காற்றிலேயே சுத்தமாகக் கீச்சென்று கேட்டால் ஹெச் அதிகம் மூடியிருக்கிறது, இடப் பக்கம் கால் சுற்றில் பாதி திறங்கள். சில நொடிக்கு மேல் வெறும் ரேஸ் கொடுக்காதீர்கள். செயினை அரம் போட்டுவிட்டுச் செய்யுங்கள், தென்னை செயினைச் சீக்கிரம் மழுக்கும், மழுங்கின செயினில் எந்தச் சத்தத்தையும் நம்ப முடியாது.

*

தோப்புக்காரன்:

வைத்துவிட்டேன் ஐயா. அந்தக் கரகரப்பு பிடிபட எனக்கு ஐந்தாறு தடவை ஆனது, பிடிபட்ட பிறகு தெளிவாகக் கேட்கிறது. இன்று காலை இரண்டு டேங்க் ஓட்டினேன். பாதிக்குக் கீழே வந்ததும் உடம்பெல்லாம் காதாக நின்றேன், கத்தவில்லை. அடிக்கட்டையைப் படுக்க வைத்து அறுத்தும் பார்த்தேன். டேங்கின் கடைசிச் சொட்டு வரை ஓடியது. பழைய பைப்பை எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய் வளைத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அவரிடம் காயில் மாற்றக் காத்திருந்த இன்னொரு மெஷினின் டேங்க் மூடியைத் திறந்து, கம்பி எடுத்து வரச் சொன்னார்.