100 ஜிபி காலியாக இருந்தும் மின்ட் ஏற மாட்டேன் என்கிறது

பாலக்கோடு_ஜெராக்ஸ்:
தக்காளி மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை லேப்டாப் விண்டோஸ் 7 காலத்தது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது, 11 இதில் ஏறாது. மண்டிக்காரர்களின் டேலி கணக்குக்கு விண்டோஸ் இருக்கட்டும், நெட் வேலைக்கு லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போடலாம் என்று D டிரைவைச் சுருக்கி 100 ஜிபி ஒதுக்கினேன். இன்ஸ்டாலரில் அந்த இடம் மட்டும் 'அன்யூஸபிள்' என்று நிற்கிறது. பிளஸ் பட்டன் அமுங்கவே இல்லை. டிஸ்க் போய்விட்டதா?

மாங்கூழ்_கணக்கர், கிருஷ்ணகிரி:
டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும் அண்ணா. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எத்தனை பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) தெரிகிறது?

பாலக்கோடு_ஜெராக்ஸ்:
நாலு. சிஸ்டம் ரிசர்வ்டு, C, ரெகவரி, D. எல்லாமே பிரைமரி.

மாங்கூழ்_கணக்கர், கிருஷ்ணகிரி:
அதுதான். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி நாலுக்கு மேல் போகாது. பட்டா நாலு பேருக்கு எழுதியாகிவிட்டது, மீதி நிலம் சும்மா கிடந்தாலும் ஐந்தாவது ஆளுக்குப் பதியமுடியாது. ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கினால் அதற்குள் உட்பிரிவு மாதிரி லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் போடலாம்.

D-யில் இருப்பதை வெளி டிஸ்க்கில் எடுத்து, இரண்டு ஃபைலாவது திறந்து பாருங்கள். அப்புறம் மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் பிரிக்கும் புரோகிராமில் D-யை அழித்து, மொத்த இடத்தையும் எக்ஸ்டெண்டட் ஆக்குங்கள். அதற்குள் முதலில் D-க்கு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபார்மட்), அடுத்து மின்ட்டுக்கு இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபார்மட்). ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஸ்வாப் ஃபைல் அதுவே போட்டுக்கொள்ளும். பூட் லோடரை (ஆன் செய்ததும் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) எங்கே வைப்பது என்று கேட்டால் எஸ்டிஏ, அதாவது முழு டிஸ்க்; எஸ்டிஏ6, அதாவது மின்ட் பார்ட்டிஷன், இல்லை.

விண்டோஸிலேயே ஐந்தாவதைப் போடப் போனால் 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றவா என்று கேட்கும். ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
எம்பிஆரை விட்டுப் புது முறையான ஜிபிடி ஆக மாற்றினால் 128 பார்ட்டிஷன் வரை போடலாமே?

மாங்கூழ்_கணக்கர், கிருஷ்ணகிரி:
போடலாம் தம்பி. ஆனால் ஜிபிடி-யிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப்பில் அது இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

பாலக்கோடு_ஜெராக்ஸ்:
ஏறிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். D-யில் 38 ஜிபிதான் இருந்தது. காப்பி முடிவதற்குள் இரண்டு டீ. அழி என்று கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கியது. இப்போது எஸ்டிஏ5 D-க்கு 150 ஜிபி, எஸ்டிஏ6 மின்ட்டுக்கு 100.

ஒரு கூத்து. விண்டோஸுக்குத் திரும்பினால் டேலியில் ஒரு கம்பெனியும் இல்லை, உயிரே போய்விட்டது. பார்த்தால் புது பார்ட்டிஷனுக்கு E என்று எழுத்து விழுந்திருக்கிறது, டேலி இன்னும் D-யில் தேடிக்கொண்டிருக்கிறது. டிவிடி டிரைவ் போய் D-யில் உட்கார்ந்திருந்தது. அதை Z-க்குத் தள்ளி, இதை D ஆக்கியதும் பழைய கணக்கெல்லாம் வந்துவிட்டது.