ரப்பர் கயிற்றில் கிளைடர் ஏற்றியபோது நடந்தது: உங்களுக்கும் உண்டா?

வேலந்தாவளம் ரோடு:
செக்போஸ்ட் தாண்டி, கடலைச்செடி பிடுங்கிய காடு. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2 மீட்டர் றெக்கை, பால்சா மரத்தில் செய்த, இன்ஜின் இல்லாத ரேடியோ கன்ட்ரோல் மாடல் கிளைடர். வழக்கமான ஹை-ஸ்டார்ட்தான், கவண் மாதிரி இழுத்துவிடும் ரப்பர் கயிறு: தரையில் முளை அடித்துக் கட்டிய 30 மீட்டர் லேடெக்ஸ் டியூப், அதோடு 120 மீட்டர் நைலான், நுனியில் சின்னப் பாராசூட்டும் கிளைடரின் கொக்கியில் மாட்டும் வளையமும். கையை விட்டதும் விறுவிறுவென்று ஏறியது. உச்சிக்குப் போனதும் வளையம் கழன்று பாராசூட் விரியணும் இல்லையா? கழலவே இல்லை. மேலேயே நின்றது, பட்டம் மாதிரி. றெக்கை இரண்டும் மேல்நோக்கி வளைந்தது கீழிருந்தே தெரிந்தது. நைலான் 'ங்ங்ங்' என்று பாடுகிறது. எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் மடல்) இழுத்தால் இன்னும் வளைகிறது. பக்கத்துத் தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர் மரத்தின் மேலிருந்தே, "எந்தா மோனே, அது பொட்டுமோ?" என்றார், உடையுமா என்று. அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் தானாகவே கழன்றது. ஏன் கழலவில்லை, ஏன் கழன்றது, இரண்டுமே புரியவில்லை.

செங்கோட்டைக்காரன்:
அந்தக் காற்றில் கிளைடர் பின்னால் தள்ளப்படும், டியூப் சுருங்கவே முடியாது. இழுவை இருக்கிறவரை வளையம் கொக்கியை விடாது. நடுவில் காற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கும், கயிறு தளர்ந்திருக்கும், பாராசூட் வளையத்தைப் பின்னால் இழுத்திருக்கும். அவ்வளவுதான். மூக்கைத் தாழ்த்தி முன்னே ஓடவிட்டிருந்தாலும் கழன்றிருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. சாரல் காலம், மேற்கே மலையைப் பார்த்து ஏற்றினேன். நல்ல உயரம், சுத்தமாகக் கழன்றது. மலை இருக்கிறதே, லிஃப்ட் (மேலே தூக்கும் காற்று) கிடைக்கும் என்று அதை நோக்கியே விட்டேன். கல் மாதிரி இறங்கியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் மலை தாண்டியும் வருகிற காற்று நம் பக்கம் கீழே அல்லவா விழுகிறது! வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தம்பி, பருந்து ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல, பாத்தீங்களா?" என்று கேட்டார். அதுதான் மறக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு:
காற்று மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். வேலந்தாவளத்தாரே, கொக்கி நுனி மேல்நோக்கி வளைந்திருந்தாலும் வளையம் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைப் பாருங்கள். நான் கண்டது: குமுளி அடிவாரத்தில் டியூப் அறுந்து நண்பர் கெண்டைக்காலில் சவுக்கடி மாதிரி ஒரு தடிப்பு. ஒரு வாரம் நொண்டினார்.

அதனால் சொல்கிறேன். டியூப்பைக் காலடி எண்ணி இழுக்காதீர்கள், கொக்கி வைத்த வில் தராசை மாட்டி இழுங்கள். கிளைடர் எடையைப் போல 3, 4 மடங்கு போதும். பலத்த காற்றில் அதற்கும் குறைவாக. வளையம் மாட்டும் டவ் கொக்கி, சி.ஜி.க்கு (எடை சமமாக நிற்கும் புள்ளி) கொஞ்சம் முன்னால் இருக்கணும். பின்னால் போனால் ஏறும்போதே பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும். கடலைக்காட்டு மண் பொலபொலவென்றிருக்கும், முளை பிடுங்கினால் நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும். நீளமான இரும்பு முளை, எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். டியூப்பை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, இருட்டான பையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் அந்த இடத்தை வெட்டி இணையுங்கள்.

வேலந்தாவளம் ரோடு:
பவுடர் வரைக்கும் போய்விட்டீங்களே அண்ணா! கொக்கி நேராகத்தான் இருக்கிறது, இப்போதுகூட எடுத்துப் பார்த்தேன். முளையும் அசையவில்லை. செங்கோட்டைக்காரர் சொல்வதுதான் பொருந்துகிறது. கழல்வதற்குச் சற்று முன் நைலான் பாட்டு நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது.

செங்கோட்டைக்காரரே, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: ஐப்பசிக்கு மேல் கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கும்போது அதே மலைக்குக் கொஞ்சம் கிட்டே போய், கிழக்கே பார்த்து ஏற்றுங்கள். அப்போது காற்று சரிவில் மோதி மேலே ஏறும். மழைக்கு நடுவே வெறிப்பு கிடைக்கணும், அதுதான் பாடு.