மூன்று படிவங்களை நீக்கச் சொல்கிறார் நெறியாளர், நீக்கலாமா?

நூல்கண்டு:

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் பகல் ஷிப்ட் பெண்கள் 34 பேரிடமும் இரவு ஷிப்ட் பெண்கள் 34 பேரிடமும் மன அழுத்தப் படிவம் நிரப்பி வாங்கினேன். கோஹன் அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும், கூட்டுத்தொகை கூடினால் அழுத்தம் அதிகம். இரவு ஷிப்டின் சராசரி 21.4, பகலுக்கு 18.6. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி மதிப்பு 0.07. அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் 'குறிப்பிடத்தக்க' வேறுபாடு என்பார்கள்.

இரவுப் பட்டியலில் மிகக் குறைந்த மதிப்பெண் வந்த மூன்று பேரை நெறியாளர் பேனாவால் வட்டமிட்டார்: 6, 8, 9. "படிக்காமல் டிக் அடித்திருப்பார்கள். அவுட்லையர் என்று எழுதி நீக்கிவிடு" என்றார். மற்றவற்றோடு சேராமல் தள்ளி நிற்கும் மதிப்பு என்று பொருள். நீக்கிப் பார்த்தேன். பி மதிப்பு 0.004 வந்தது. அடுத்த வாரம் வரைவு கொடுக்க வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த 6 யாருடையது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து கேண்டீன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்துப் படித்தார். "இந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தானே அம்மா?" என்று கேட்டு உறுதிசெய்த பிறகே குறித்தார். மில் பஸ் ஹாரன் அடித்தும் முடிக்காமல் எழுந்திருக்கவில்லை. "வீட்டைவிட இங்கே நிம்மதி" என்று போகும்போது சொன்னார். அவர் படிக்காமல் குறித்தார் என்று என் கையால் எப்படி எழுதுவது?

கரைவழி:

தங்கையே, நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். தேர்வாளர் 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நெறியாளரைப் பகைத்துக்கொண்டால் வாய்மொழித் தேர்வில் உங்களுக்குத்தான் சிரமம். நீக்கிவிட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள், பட்டம் முதலில் கைக்கு வரட்டும்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, நீக்காதீர்கள். முப்பது ஆண்டுகள் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று தாள்களை எடுத்து முன்னால் வையுங்கள். இந்தப் படிவத்தில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகளும் தலைகீழாக மதிப்பெண் போட வேண்டியவை. 'நினைத்தபடி காரியங்கள் நடந்தன' போன்ற கேள்விகள். அவற்றில் 4 குறித்தால் கணக்கில் 0. படிக்காத ஒருவர் பத்துக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் 0 என்றால் கூட்டுத்தொகை 16. எல்லாம் 2 என்றால் 20. எல்லாம் 4 என்றால் 24. ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனால் 16-க்குக் கீழே இறங்கவே முடியாது! 6 வர வேண்டுமென்றால் ஆறு கேள்விகளுக்கு இடது ஓரத்திலும் நான்கு கேள்விகளுக்கு வலது ஓரத்திலும் கை மாறிமாறிப் போயிருக்க வேண்டும். கவனமாகப் படித்தவருக்குத்தான் அது வரும். (நீங்கள் தலைகீழ் மதிப்பெண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) உண்மையில் கவனிக்காமல் குறித்தவர்கள் யாராவது இருந்தால் நடுவில், 20 பக்கம் ஒளிந்திருப்பார்கள். 68 தாளையும் பாருங்கள்.

0.07 தோல்வி அல்ல. இரண்டு ஷிப்டுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ வேறுபாடு தற்செயலாக நூற்றுக்கு ஏழு முறை வரும் என்பதுதான் அதன் பொருள். 0.05 என்பது 1925-இல் ஃபிஷர் தம் நூலில் வசதிக்காக வைத்த கோடு. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்காக ஆட்களை நீக்கினால் கோட்டுக்கே பொருள் போய்விடும். 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் மூவரும் இதைச் செய்தே காட்டினார்கள். முடிவைப் பார்த்துப் பார்த்து ஆய்வாளர் செய்யும் நான்கு சிறு தேர்வுகள் சேர்ந்தால், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழை, 5 சதவீதம் என்று நாம் நம்புவது, 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்தது என்றுகூட அவர்களால் 'நிரூபிக்க' முடிந்தது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் குறிப்பிடத்தக்க முடிவு மீண்டும் வந்தது. மூலத்தில் அது 97 சதவீதம்.

உங்கள் மாதிரி சிறியது, அவ்வளவுதான். நடுத்தர அளவு வேறுபாட்டை (0.5 திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில் பாதி) 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு 64 பேர் வேண்டும். உங்களிடம் 34. இதை எழுதுங்கள். சராசரி வேறுபாட்டுக்கு நம்பிக்கை இடைவெளியும் (உண்மையான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு) கொடுங்கள்.

ஆலமரம்:

மில் தொழிலாளர்களுக்கு ஆலோசகராக இருந்தவள் நான். ஒன்று மட்டும் கேட்கிறேன்: படிவம் நிரப்பும்போது சூப்பர்வைசர் அங்கே இருந்தாரா? இருந்தார் என்றால் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதை முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தால்தான் அது சம்மதம். வீட்டைப் பற்றி அந்த அம்மா சொன்ன வார்த்தையை அவரைக் கேட்காமல் ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். இரவு ஷிப்டில் அப்படிச் சொன்ன பெண் யார் என்று மில்லில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நூல்கண்டு:

ஐயா, நேற்று இரவு 68 தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். மூவரின் தாளிலும் நான்கு தலைகீழ்க் கேள்விகளுக்கு டிக் வலது பக்கம் போயிருக்கிறது. 6 எடுத்தவர் ஏழாம் கேள்வியில் ஒருமுறை அடித்துத் திருத்தியிருக்கிறார்.

பத்துக்கும் 2 குறித்த தாள்கள் இரண்டு கிடைத்தன. இரண்டுமே பகல் ஷிப்ட். அக்கா கேட்டது சரிதான், அன்று சூப்பர்வைசர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அந்தத் தவறையும் வரம்புகள் பகுதியில் எழுதிவிட்டேன். அந்த இரண்டையும் சேர்த்தும் நீக்கியும் கணக்குப் போட்டேன், இரண்டு முறையும் 0.07தான். வேறுபாடு 2.8, இடைவெளி −0.3 முதல் 5.9 வரை. இரண்டு கணக்கையும் வரைவில் கொடுக்கிறேன். அந்த அம்மா சொன்னதைப் போடவில்லை.

வியாழக்கிழமை நெறியாளரைப் பார்க்கிறேன். தாள்களையும் எடுத்துப் போகிறேன்.